மரத்தடியில் உட்கார்ந்தவள்

அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் அவளைக் காசக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கையில் காசு புரண்டதால் வந்த பெயரல்ல அது. மாடியில் கடைசி அறை அவள் பொறுப்பில் இருந்தது. அந்த அறை முழுக்கப் பழங்காசுகள். அதிலும் ரோமாபுரிக் காசுகள் வைத்திருந்த நடுப்பெட்டி அவளுடைய செல்லப்பிள்ளை. காலையில் வந்ததும் முதல் வேலையாக அதன் கண்ணாடியைத் துடைப்பாள். துடைத்துவிட்டு, உள்ளே இருப்பவர்கள் இரவெல்லாம் ஒழுங்காக இருந்தார்களா என்பதுபோல ஒரு பார்வை பார்ப்பாள்.

பார்க்க வருகிறவர்களிடம் அவள் பேசும் பேச்சுக்கென்றே கீழ் மாடியிலிருந்து ஊழியர்கள் ஏறி வருவார்கள்.

"அந்தக் காலத்துல பேப்பர் கிடையாது, டிவி கிடையாது. ராஜா என்ன சொல்லணுமோ அதைக் காசுல அடிச்சு ஊருக்குள்ள விட்டுடுவான். அது பாட்டுக்கு வீடு வீடாப் போய்ச் சேந்துடும். காசு வேண்டாம்னு யாரு சொல்லுவா?" என்று ஆரம்பிப்பாள். "இதப் பாருங்க. ரெண்டு கை குலுக்கிக்குது. படையெல்லாம் ராஜாவோட ஒத்துமையா இருக்குன்னு அர்த்தம். இதை அடிச்ச கிழட்டு ராஜாவைக் கொஞ்ச நாள்லயே அவரோட காவல் படையே அரண்மனைக்குள்ள பூந்து பிடிச்சு வெச்சுக்கிச்சு. இந்தப் பக்கம் கதிர்க்கட்டு, கப்பல். களஞ்சியம் ரொம்பி வழியுதாம். நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. காசுல எதெல்லாம் இருக்குன்னு அடிச்சிருக்கானோ, ஊர்ல அதெல்லாம் இல்லைன்னு வெச்சுக்கலாம்."

எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். தம்பி காணாமல் போன பிறகும் அந்தப் பேச்சை அவள் விடவில்லை. சிரிப்புதான் கொஞ்சம் பிந்தி வந்தது.

அவள் பிறந்தது மலைப்பக்கத்தில். படிக்கத் தலைநகரத்துக்கு வந்தவள், அங்கேயே வேலையும் கிடைத்து, லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒருவரைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டாள். குழந்தை இல்லை. அப்பா அம்மா போன பிறகு மலைப்பக்கத்தில் அவளுக்கென்று இருந்தது தம்பியும் தம்பி மனைவியும்தான். தம்பி வீட்டு முன்னறையில் ரேடியோ, கைபேசி ரிப்பேர் கடை வைத்திருந்தான். அரசாங்கத்துக்கும் மலைப்பக்கத்தாருக்கும் சண்டை மூண்டு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. சண்டை முடியப்போகிற சமயத்தில் ஒருநாள் நல்ல வெயிலில் ஒரு ஜீப் வந்து கடை வாசலில் நின்றது. வயர்லெஸ் ஒன்று வேலை செய்யவில்லை, வந்து பார்த்துக் கொடு என்றார்கள். அவன் ஸ்க்ரூ டிரைவர் பையை எடுத்துக்கொண்டு ஏறிப் போனான். அவ்வளவுதான். எந்த முகாமில் கேட்டாலும் அப்படி யாரையும் நாங்கள் கூட்டிவரவில்லை என்றார்கள். இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஒரு வாய் கிடைக்கவில்லை.

அந்த வருஷம் முழுக்கக் காசக்கா வேலைக்குப் போய்வந்தாள், சமைத்தாள், துவைத்தாள். வேலை இல்லாத நேரத்தில் சமையலறைத் தரையில் சுவரோரமாக உட்கார்ந்திருப்பாள். வலது முழங்கால் அவளுக்கு மடங்காது. அதனால் ஒரு காலை நீட்டி, இன்னொன்றை மடக்கி, மடக்கிய முட்டியில் முழங்கையை ஊன்றி, கன்னத்தைக் கையில் சாய்த்துக்கொள்வாள். கணவர் வேலை முடிந்து வந்து அவளைத் தாண்டிப் போய்த் தண்ணீர் குடிப்பார். முதலில் எல்லாம் ஏதாவது வேடிக்கை பேசி எழுப்பப் பார்த்தார். பிறகு அவரும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்.

சண்டை முடிந்தது. தலைநகரத்தில் பட்டாசு வெடித்தார்கள். கொஞ்ச காலம் கழித்து, அருங்காட்சியகத்து இயக்குநர் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு காசு அறைக்கு வந்தார். நாணயச் சாலைக்குப் படம் வரைந்து கொடுக்கிற சித்திரக்காரர் அவர். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். விரலெல்லாம் பென்சில் கரி. பார்த்ததுமே பிடித்துப்போகும் முகம்.

"போர் முடிஞ்சதுக்கு ஞாபகமா ஒரு காசு அடிக்கப்போறாங்க. சும்மா பெட்டியில வெச்சுப் பாக்குற காசு இல்ல, கடைத்தெருவுல புழங்குற காசு. சாருக்குப் பழைய மாதிரி எதாச்சும் வேணுமாம். நம்ம காசக்காவை விட்டா இதுக்கு யாரு?" என்று சொல்லிவிட்டு இயக்குநர் போய்விட்டார்.

காசக்கா பெட்டிச் சாவியை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. ஆனாலும் வந்தவர் மரியாதையாகப் பேசினார், சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். அப்படிக் கேட்கிற ஆள் அகப்பட்டால் அவளுக்கு வாய் தானாகத் திறந்துவிடும். பெட்டியைத் திறந்து ஒரு செம்புக்காசை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இவளைப் பாருங்க. சமாதான தேவதை. கையில தீப்பந்தம். கீழ என்ன குவிச்சு வெச்சிருக்கு தெரியுதா? கேடயம், கவசம், ஈட்டி. எல்லாத்தையும் கொளுத்துறா. சண்டை முடிஞ்சதுன்னா இதைப் போடுங்க தம்பி. ஆயுதம் எரியட்டும். யாரு ஆயுதம்னு காசு சொல்லாது. ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா இருக்கும்."

"நல்லாருக்கேக்கா" என்றார் அவர். உண்மையாகவே அவருக்குப் பிடித்திருந்தது. ஏட்டில் வரைந்தும்கொண்டார். வரைந்துகொண்டிருக்கும்போதே அவர் கண் பெட்டியின் மூலைக்குப் போயிற்று. "அது என்னக்கா, பெருசா?"

அவள் காட்ட நினைக்காத காசு அது. காட்டமாட்டேன் என்று சொல்லவும் வரவில்லை.

"அது யூதேயாங்கற நாட்டை ஜெயிச்சப்ப அடிச்சது. நடுவுல பேரீச்ச மரம். இந்தப் பக்கம் ஈட்டியோட நிக்கறவன் ராஜா. காலுக்கடியில தலைக்கவசம். அந்தப் பக்கம் மரத்தடியில ஒரு பொம்பளை உக்காந்து அழுறா. அவதான் அந்த நாடு. சுத்தி ரெண்டே வார்த்தை எழுதியிருக்கு. யூதேயா பிடிபட்டது."

"ஏன் பொம்பளை?"

"ஜெயிச்சவன் பக்கத்துல அழறதுக்கு ஒருத்தி இருந்தாத்தான ஜெயிச்சது தெரியும்?"

அவர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். காசு தேய்ந்திருந்தது. பெண்ணின் உருவம் ஒரு மேடாக மட்டும் தெரிந்தது. "எப்படி உக்காந்திருக்கான்னே பிடிபடலையே. கை எங்க போகுது?"

காசக்கா வாயால் சொல்லிப் பார்த்தாள். அவருக்கு விளங்கவில்லை. சரி என்று சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அறைத் தரையில் உட்கார்ந்து காட்டினாள். ஒரு காலை நீட்டி, ஒன்றை மடக்கி, கன்னத்தைக் கையில் சாய்த்து. அந்த ஒரு வருஷப் பழக்கத்தில் உடம்பு தானாக அப்படி விழுந்தது. உட்கார்ந்த பிறகு, காட்டுவதற்காகத்தான் உட்கார்ந்தோம் என்பதே அவளுக்குக் கொஞ்சம் மறந்துபோயிற்று. சித்திரக்காரர் கைபேசியில் படம் எடுத்தார். முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. எழுந்திருக்க முடியாமல் அவள் தடுமாறியபோது கை கொடுத்துத் தூக்கிவிட்டதும் அவர்தான்.

"தீப்பந்தக்காரியைப் போடுங்க தம்பி" என்று வாசல்வரை வந்து மறுபடி சொன்னாள்.

"கண்டிப்பாக்கா" என்றார்.

காசு வெளியான அன்று அவளுக்கு அது தெரியாது. கணவர்தான் வேலையிலிருந்து வரும்போது ஒன்றைக் கொண்டுவந்தார். "உங்க பெட்டிக்குப் புதுசா ஒரு ஆள் வந்திருக்கார், எடம் ஒதுக்கி வையுங்க" என்று அவள் கையில் வைத்து மூடினார்.

ஜன்னலோரமாகப் போய்ப் பார்த்தாள். நடுவில் மரம். பேரீச்சை இல்லை, மலைப்பக்கத்தில் வளர்கிற ஊசியிலை மரம். இந்தப் பக்கம் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் நிமிர்ந்து நின்றான். அந்தப் பக்கம் மரத்தடியில் ஒரு பெண். மலைப்பக்கத்துப் பெண்கள் போடுகிற தாழ்ந்த கொண்டை. ஒரு கால் மடங்காமல் விறைப்பாக நீண்டிருந்தது. கன்னம் கையில் சாய்ந்திருந்தது. மூக்கு, மோவாய், கழுத்துச் சரிவு எல்லாம் சுத்தமாக, புத்தம் புதுசாக இருந்தன. சுற்றிலும் இரண்டு வார்த்தை. அமைதி திரும்பியது.

"என்ன, பிடிக்கலையா?" என்று கணவர் கேட்டார்.

அவள் காசை அவரிடம் நீட்டினாள். லென்ஸையும் நீட்டினாள். "கால் பாருங்க."

அவர் பார்த்தார். காசைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சமையலறைத் தரையைப் பார்த்தார்.  

"இது யாருன்னு வேற யாருக்கும் தெரியப்போறதில்ல" என்றார் கடைசியில்.

"அவளுக்குத் தெரியும்" என்றாள் காசக்கா. தம்பி மனைவியைத்தான் சொன்னாள்.

மறுநாள் நாணயச் சாலைக்குப் போய்ச் சித்திரக்காரரைப் பிடித்தாள். வரைபலகையும் களிமண் அச்சுகளும் நிறைந்த சின்ன அறை. அவளைக் கண்டதுமே அவர் எழுந்து நின்றுவிட்டார். தப்பு செய்தவனின் அவசரம் அதில் இருந்தது.

"ரெண்டும் வரைஞ்சு குடுத்தேன்கா. தீப்பந்தத்தை மேல வெச்சேன், இதை அடியில வெச்சேன். குழுவுல இருந்தவங்க இதத்தான் எடுத்தாங்க. ஆயுதம் எரியறது படைக்காரங்களுக்குப் பிடிக்கல. நம்ம ஆயுதத்தை ஏன் எரிக்கணும்னு கேட்டாங்க."

"நீங்க ஏன் இதையும் வரைஞ்சீங்க?"

அவர் கையைப் பிசைந்தார். "நீங்க உக்காந்ததப் பாத்த பிறகு எனக்கு வேற எதுவும் வரைய வரலக்கா. நான் உங்களை மட்டுந்தான் வரைஞ்சேன். தனியா. பக்கத்துல ஆள நிறுத்துனது அவங்க. துக்கத்தைத்தான் காட்டணும்னு நெனச்சேன், சத்தியமா."

"அதான் பிரமாதமா வந்திருக்கே" என்றாள் அவள். திட்டத்தான் வந்திருந்தாள். அழுகிற நிலையில் இருந்த ஆளை என்ன திட்டுவது? இந்தக் காசை நிறுத்த யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். அவர் அண்ணாந்து கூரையைக் காட்டினார். கூரைக்கு மேலே இருந்தவர்களிடம் பேச அவளுக்கு என்ன வழி இருந்தது?

அருங்காட்சியகத்தில் இயக்குநர் அவளுக்காகக் காத்திருந்தார். நல்ல குஷியில் இருந்தார். நம் அருங்காட்சியகப் பெட்டியிலிருந்து பிறந்த காசாம். அமைச்சர் பார்க்க வருகிறாராம். பழைய காசையும் புதிய காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்க அட்டை எழுத வேண்டுமாம்.

"வேற யாரையாச்சும் எழுதச் சொல்லுங்க சார். என்னால முடியாது."

"நீங்கதாம்மா எழுதணும்" என்றார் அவர் கனிவாக. "நீங்க அந்தப் பக்கத்துக்காரங்க. நீங்களே எழுதினீங்கன்னா எவ்வளவு நல்லாருக்கும்! எல்லாரும் ஒண்ணாகிட்டோம்னு அதைவிடச் சொல்ல என்ன இருக்கு?" பிறகு கதவைச் சாத்திவிட்டு இன்னும் கனிவாகச் சொன்னார்: "மாட்டேன்னு சொன்னா ஏன் மாட்டேங்கறாங்கன்னு கேப்பாங்க. அப்பறம் உங்க தம்பி எங்கேம்பாங்க. எதுக்கும்மா வம்பு?"

அவள் எழுதினாள். பழைய காசுக்கு, நாட்டை வென்றதைக் குறிக்கும் காசு என்று எழுதினாள். புதிய காசுக்கு, அமைதி திரும்பியதைக் குறிக்கும் காசு என்று எழுதினாள். காசு பொய் சொல்லும் என்று எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்தவள், அந்தப் பொய்யைத் தன் கையெழுத்திலேயே எழுதி, கோணல் இல்லாமல் நிறுத்தி, கண்ணாடியையும் துடைத்து வைத்தாள். அமைச்சர் வந்தார், பார்த்தார், தலையாட்டினார், போனார். அதன் பிறகு பார்வையாளர்களிடம் அவள் பேசுவது நின்றுபோயிற்று. யாராவது கேட்டால், "அட்டையில போட்டிருக்கு, படிச்சுக்குங்க" என்பாள்.

வாரம் தவறாமல் போன் செய்கிற தம்பி மனைவியிடமிருந்து போன் வரவில்லை. அவள் போட்டாலும் எடுப்பாரில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் விடுப்புப் போட்டுக்கொண்டு மலைப்பக்கத்துக்குப் பஸ் ஏறினாள். கணவர் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டாள். வழியில் இரண்டு இடத்தில் சிப்பாய்கள் ஏறிப் பையைக் கிளறினார்கள். பழச்சாறு வாங்கின கடையில் மீதிச் சில்லறையாக அவள் கைக்கு அவளே வந்தாள். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

ரிப்பேர் கடையின் பலகைக் கதவு சாத்தியே கிடந்தது. பக்கவாட்டு வழியாகப் புழக்கடைக்குப் போனாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டுத் தம்பி மனைவி உட்கார்ந்திருந்தாள். கல்லில் எதையோ வைத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா.

"வாங்க அண்ணி" என்றாள், ஏதோ நேற்றுத்தான் பார்த்ததுபோல. எழுந்து கை கழுவிவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இளைத்து, பாதியாகியிருந்தாள். வலது கை விரல் நுனிகளில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

காசக்கா டப்பாவுக்குள் பார்த்தாள். எல்லாம் அந்தக் காசு. மரம் அப்படியே இருந்தது. சிப்பாய் அப்படியே இருந்தான். பெண்ணுக்கு மட்டும் முகம் இல்லை. அந்த இடம் வழவழவென்று ஒரு பொட்டுபோலப் பளபளத்தது.

"நீதான் தேய்க்கிறியா?"

"கைக்கு வர்றதெல்லாம் தேய்க்கிறேன். பக்கத்துல கடைக்காரங்களும் சேத்து வெச்சுக் குடுக்கறாங்க. தேய்ச்சதைக் குடுத்தா முகம் சுளிக்காம வாங்கிக்கறாங்க. நம்ம ஊர்க்காரங்கதான?"

"அந்தச் சிப்பாய் முகத்தைத் தேய்க்கக்கூடாதா?"

"அவன் முகத்தைத் தேய்ச்சா ஜெயில்ல போடுவாங்க அண்ணி. இவ முகத்தைத் தேய்ச்சா ஏன்னு கேக்க ஆள் இல்ல." டப்பாவை மூடினாள். "முதநாள் காசு கைக்கு வந்தப்பவே தெரிஞ்சுபோச்சு. அவரைத் தேடி நீங்க இங்க வந்திருந்தப்ப இந்தக் கல்லுகிட்டதான அப்படி உக்காந்திருந்தீங்க. உங்க மூஞ்சி, அவன் காலடியில, சந்தையில கறிக்கடைக்கும் சாராயக் கடைக்கும் கை மாறுது. என்னால பாத்துட்டு இருக்க முடியல. போன் எடுத்தா இதைப் பேசணும். அதான் எடுக்கல."

காசக்கா அங்கேயே தரையில் உட்காரப் போனாள். உட்காரவும் கூசியது. நின்றபடியே சொன்னாள்: "படம் வரையறவன் என்னைக் கேக்காமப் போட்டுட்டான்மா. எங்க பெட்டியில ஒரு பழைய காசுல, ஜெயிச்ச நாடுன்னு மரத்தடியில ஒரு பொம்பளை, அவ எப்படி உக்காந்திருப்பான்னு கேட்டான். காட்டினேன். மரியாதையாக் கேட்டான், அதான்."

தம்பி மனைவி முக்காலியில் திரும்ப உட்கார்ந்தாள். கல்லின் மேலிருந்த ஈரத்தைக் கையால் வழித்துவிட்டாள்.

"அவரையும் மரியாதையாத்தான் கேட்டாங்க அண்ணி. வந்து ஒரு நிமிஷம் பாத்துக் குடுங்கன்னாங்க. சிரிச்சிட்டே ஏறிப் போனாரு." பிறகு சொன்னாள்: "உங்க குடும்பத்துல யாருக்கும் மாட்டேன்னு சொல்லத் தெரியல."

குற்றம் சொல்லும் குரலில் அவள் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால்கூடக் காசக்கா தாங்கியிருப்பாள். இரண்டு பேரும் அன்று மாலைவரை அந்தக் கல்லில் தேய்த்தார்கள். தன் முகத்தைத் தன் கையாலேயே அழிப்பது அவளுக்கு நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. நாலைந்து இழுப்பில் மூக்கு போய்விடும். அப்புறம் யாரோ ஒருத்தி. காசு தீர்ந்ததும் சாப்பிட்டார்கள். மறுநாள் பஸ் ஏறும்போது தம்பி மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்ப வாங்க என்று சொல்லவில்லை.

ஊர் திரும்பிய பிறகு போன் மறுபடி வர ஆரம்பித்தது. தேய்ந்த காசு செல்லாது என்று அரசாங்கம் அறிவித்தது. மலைப்பக்கத்துக் கடைக்காரர்கள் பயந்து கையை விரித்துவிட்டார்கள். தேய்த்து வைத்திருந்ததெல்லாம் தம்பி மனைவி தலையில் விழுந்தது. டப்பாவோடு பரண் மேல் போட்டுவிட்டேன் என்றாள். அடுத்த வருஷம் நாணயச் சாலை அதே காசைப் புதிதாக அடித்தது. இந்தத் தடவை சிப்பாய் இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்தான். தம்பியைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவி போனில் கேட்டாள்: "ஏன் அண்ணி, உங்க பெட்டியில இருக்காளே, அந்த நாட்டுப் பொம்பளை, மரத்தடியில. அதுக்கப்பறம் அவளுக்கு என்ன ஆச்சு?"

அத்தனை வருஷத்தில் இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவளும் யோசித்ததில்லை.  தெரிந்ததைத்தான் சொல்ல முடிந்தது.

"அவளுக்கு என்ன ஆச்சுன்னு எங்கயும் இல்லைம்மா. காசை மட்டும் அடிச்சிட்டே இருந்தாங்க. ஜெயிச்ச ராஜா அடிச்சான். அவன் செத்ததும் மூத்த மகன் அடிச்சான். அவனும் போனப்பறம் இளைய மகன் அடிச்சான்."

"அதுவரைக்கும் அவ உக்காந்தே இருந்தாளா?"

"ஆமா."

 போனில், தூரத்தில் ஏதோ வண்டி போகிற ஓசை கேட்டது.

"சரி அண்ணி, நான் எந்திரிக்கணும், அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று தம்பி மனைவி போனை வைத்தாள்.